அடுப்படியிலிருந்தே எம்.ஏ. சமூகவியல்: கைகொடுக்கும் சில குறிப்புகள்

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்கள், கையில் ஒரு டிகிரி இருக்கிறது, மேலே படிக்கலாமா என்று யோசிக்கும் தோழிகள் நம் மண்ணூர்பேட்டை, பாடி, கொரட்டூர் பக்கம் நிறையப் பேர். சமூகவியல் எடுத்தால் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. பாடத்துக்கு வேண்டிய சரக்கில் பாதி நம் வீட்டிலும் தெருவிலுமே கிடைக்கிறது. கொஞ்சம் திட்டம் போட்டால் பணமும் நேரமும் நன்றாகவே மிச்சமாகும்.

1. சேரும் முன்பே நேரக் கணக்கைப் போட்டுவிடுங்கள். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடத்துக்கு நான்கு பேப்பர்: கோட்பாடுகள், ஆய்வு முறைகள், வளர்ச்சியின் சமூகவியல், இந்தியாவில் சமூகவியல். ஒவ்வொன்றும் 8 கிரெடிட், கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு, ஆக மொத்தம் 960 மணி நேரம். தினமும் மூன்று மணி நேரம் ஒதுக்க முடிந்தால் வருடத்துக்குள் முடித்துவிடலாம். முடியாதவர்கள் பதற வேண்டாம், இரண்டு வருடப் படிப்பை நான்கு வருடம் வரை நீட்டிக்கொள்ள அனுமதி உண்டு.

2. வீட்டிலிருந்தபடி படிக்க இக்னோ மட்டும்தான் வழி என்றில்லை. 1981-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வி நிறுவனம் சேப்பாக்கத்தில் இருக்கிறது, 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சைதாப்பேட்டையில் இருக்கிறது. எங்கே சேர்வதானாலும், அந்த வருடம் அந்தப் பாடத்துக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா, எந்த மொழியில் பரீட்சை எழுதலாம் என்று இரண்டையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விண்ணப்பத்தை நீங்களே ஆன்லைனில் போட்டுவிட்டால் இடையில் இருப்பவருக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

3. இக்னோவின் பாடப் புத்தகங்கள் எல்லாம் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அட்மிஷன் முடிந்து புத்தகம் தபாலில் வரும் வரை காத்திருக்காமல் அன்றே படிக்க ஆரம்பிக்கலாம். ஆனால் விண்ணப்பத்தில் அச்சுப் புத்தகம் வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றே போடுங்கள். அத்தனை பக்கத்தையும் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தால் ஆகும் செலவு கையைக் கடிக்கும், செல்போன் திரையில் படித்தால் கண்ணைக் கடிக்கும்.

4. பி.காம்., பி.எஸ்சி. முடித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் நேராக எம்.ஏ. புத்தகத்தைத் திறக்காதீர்கள். என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புச் சமூகவியல் புத்தகங்கள் மொத்தம் நான்கு, அதுவும் இலவசம்தான். அதை ஒரு மாதம் கதை போலப் படித்துவிட்டு வந்தால் எம்.ஏ. பாடம் பாதி பழகிய மாதிரி இருக்கும்.

5. நேர்முக வகுப்பு, நூலகம் என்று கிளம்பும் நாளில் சி.டி.எச். ரோட்டில் சாதாரணக் கட்டண பஸ்ஸுக்கு நில்லுங்கள். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அதில் டிக்கெட் கிடையாது. சென்ட்ரல் பக்கம் போக வேண்டியிருந்தால் கொரட்டூரிலோ பட்டரவாக்கத்திலோ லோக்கல் ரயில் ஏறிவிடலாம். பதினொரு மணிக்கு மேல் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும், போகிற வழியில் ஒரு யூனிட் முடியும்.

6. ரயில் போய் நிற்கும் இடம் மூர் மார்க்கெட் வளாகம். பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பேப்பர் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கோட்பாட்டுப் புத்தகங்களுக்குப் பழைய பதிப்பே போதும், டர்க்கைம் 1897-ல் எழுதியதைப் புதுப்பதிப்பு மாற்றிவிடப் போவதில்லை.

7. வீட்டு வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 1948-ல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து இருக்கும் ஏற்பாடு அது. கட்டிய காசுக்குப் பலன் எடுக்க வேண்டாமா? அன்றாடப் பத்திரிகைக்குப் பக்கத்துக் கிளை நூலகம், பழைய புத்தகத்துக்கு எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா, முழு நாள் உட்கார்ந்து படிக்க கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அண்ணா நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவே தனிப் பகுதி இருக்கிறது, பரீட்சைக்கு முந்தின வாரம் அது பெரிய உதவி.

8. தினசரி காலண்டர் தாளைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள், கல்யாணப் பத்திரிகைகளையும்தான். பின்பக்கம் வெறுமையாக இருக்கும் அட்டையை ஒரே அளவில் வெட்டி, ஒரு அட்டைக்கு ஒரே ஒரு கருத்து என்று எழுதி, மூலையில் எண் போட்டுப் பழைய இனிப்புப் பெட்டியில் அடுக்குங்கள். நிக்லாஸ் லூமன் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் இப்படிச் சேர்த்தது சுமார் 90,000 சீட்டுகள், அவற்றை வைத்தே வாழ்நாள் முழுக்கப் புத்தகம் எழுதினார். நமக்கு ஒரு பேப்பருக்கு நூறு இருந்தால் தாராளம்.

9. மார்க்ஸ் 1818–1883, டர்க்கைம் 1858–1917, வெபர் 1864–1920. இந்த மூன்று பேரையும் ஒரு தாளில் எழுதி, பேக்கிங் டேப் ஒட்டி, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவிடுங்கள். தோசை வேகும் நேரத்தில் கண்ணில் பட்டுப் பட்டே மனசில் நின்றுவிடும். வாரம் ஒருமுறை தாளை மாற்றினால் வருடத்தில் பாடத்திட்டத்தில் இருக்கும் அத்தனை பேரும் அந்தச் சுவரைக் கடந்து போயிருப்பார்கள்.

10. வரவு செலவு நோட்டில் இடது பக்கம் கணக்கு, வலது பக்கம் அன்றைக்குக் கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சி. ரைட் மில்ஸ் 1959-ல் எழுதிய புத்தகத்தின் கடைசியில் மாணவர்களுக்குச் சொல்லும் யோசனையும் இதுதான், நோட்டு ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும் என்கிறார். இடது பக்கம் பள்ளிக் கட்டணம் ஏறியிருக்கும், வலது பக்கம் அதே மாதம் எத்தனை வீட்டில் பிள்ளையைப் பள்ளி மாற்றினார்கள் என்று இருக்கும். ஒரு வீட்டுக் கஷ்டம் ஊர்ப் பிரச்சினையாக மாறும் இடத்தை இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

11. இதை மட்டும் யாரும் தவறவிடாதீர்கள். ஒரு வாரத்துக்கு, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வீட்டில் யார் எந்த வேலையை எத்தனை நிமிடம் செய்கிறார்கள் என்று அரைமணிக் கட்டங்கள் போட்டுக் குறித்து வையுங்கள். ஆன் ஓக்லி என்ற ஆங்கிலேயச் சமூகவியலாளர் லண்டனில் 40 இல்லத்தரசிகளைப் பேட்டி கண்டு 1974-ல் வீட்டு வேலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பெண்கள் வாரத்துக்குச் சராசரி 77 மணி நேரம் உழைத்தார்கள். நம் நாட்டிலும் 2019-ல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. உங்கள் தாளையும் இந்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். பாலினப் பாடத்துக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கும், இரவுப் பாத்திரம் கழுவும் பொறுப்பு வேறொருவர் கைக்கு மாறி அரைமணி நேரம் மிச்சமாகும்.

12. டர்க்கைமின் உழைப்புப் பிரிவினை புரியவில்லையா? அம்பத்தூர் தொழிற்பேட்டையான எஸ்டேட் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். ஒரு ஷெட்டில் லேத்தில் கடைவார்கள், அடுத்த தெருவில் பிளேட்டிங், அதற்கடுத்து பவுடர் கோட்டிங், இன்னொரு இடத்தில் பேக்கிங். ஒரு ஷெட்டில் வேலை நின்றால் மற்ற மூன்றும் காத்திருக்கும். 1964-லிருந்து இங்கே இருக்கும் அம்பத்தூர் எஸ்டேட் ஆர்கானிக் சாலிடாரிட்டிக்கு எந்தப் புத்தகத்து உதாரணத்தைவிடவும் தெளிவான உதாரணம்.

13. பழைய மொய் நோட்டைப் பரணில் போட்டு வைக்காமல் கீழே இறக்குங்கள். மார்செல் மோஸ் 1925-ல் பரிசைப் பற்றி எழுதியது கொடுப்பது, வாங்குவது, திருப்பிச் செய்வது என்ற மூன்று கடமைகளைப் பற்றித்தான், நம் மொய் நோட்டில் அது வரிவரியாகப் பெயரும் தொகையுமாக இருக்கிறது. உறவு, வருடம், வந்தது, திரும்பச் செய்தது என்று நான்கு பத்தி போட்டு எழுதினால் கட்டுரைக்கு ஆயிற்று, அடுத்த முகூர்த்தத்தில் யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்ற கணக்கும் கையில் இருக்கும்.

14. உறவுமுறைப் படம் வரைய கல்யாண ஆல்பம் போதும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி, பிள்ளைகளுக்குக் கீழ்நோக்கிக் கோடு. மூன்று தலைமுறை போட்டுப் பாருங்கள். ஐராவதி கார்வே 1953-ல் இந்திய உறவுமுறையை மண்டலம் மண்டலமாகப் பிரித்து எழுதியதில் தென்னிந்தியப் பகுதிக்கு உதாரணம் நம் வீட்டுப் பெரியவர்களிடமே கிடைக்கும். மாமன் மகளைக் கட்டியவர், அக்கா மகளைக் கட்டியவர் என்று பாட்டி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வருவார். பாட்டி சொல்லும்போதே எழுதிவிடுங்கள், அந்தத் தகவல் வேறு எங்கும் பதிவாகியிருக்காது.

15. புள்ளியியல் என்றாலே பயப்படுகிறவர்கள் ஈ.பி. கார்டை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், வருடத்துக்கு ஆறு எண். சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் மூன்றையும் அதில் போட்டுப் பழகுங்கள். கோடைக்கால ரீடிங் ஒன்று மட்டும் எகிறினால் சராசரி எப்படி மேலே போகிறது, இடைநிலை எப்படி அசையாமல் இருக்கிறது என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

16. படிக்கும் வரிசையை நம் ஊரிலிருந்து ஆரம்பித்தால் பிடிப்பு வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கே கணக்கெடுக்க அனுப்பினார், 1918-ல் அது புத்தகமாக வந்தது. இருவேல்பட்டு, வடமலைப்புரம், கங்கைகொண்டான் போன்ற ஊர்களை அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள், அதனால் ஒரே ஊரின் பல பதிற்றாண்டுக் கதை நமக்குக் கிடைக்கிறது. அடுத்து தஞ்சாவூர்ப் பக்கம் 1950-களில் கேத்லீன் கஃப் செய்த ஆய்வு, 1965-ல் வந்த ஆந்த்ரே பெத்தேயின் புத்தகம். இவ்வளவும் படித்த பிறகு வெபரைத் திறந்தால் சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் தெரிந்த முகங்களாக நிற்கும். கூடவே அம்பேத்கர் 1916-ல் கொலம்பியாவில் வாசித்த சாதி பற்றிய கட்டுரையை வைத்துக்கொள்ளுங்கள். அளவில் சின்னது, ஒரு மதியத்தில் முடித்துவிடலாம்.

17. தெருவில் யாரிடமாவது பாடத்துக்காகப் பேசப் போனால் எதற்கு என்று முதலிலேயே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு பேசுங்கள். நோட்டில் நிஜப் பெயரை எழுதவே கூடாது. கஃப்பின் கும்பபேட்டை, பெத்தேயின் ஸ்ரீபுரம், எம்.என். சீனிவாஸின் ராம்புரா எல்லாமே புனைபெயர்கள், ஊர் பெயரையே மறைத்தார்கள். நாம் அதே தெருவில் குடியிருக்கப் போகிறவர்கள், நமக்கு இன்னும் கூடுதல் பொறுப்பு உண்டு. அவர்கள் குடும்பச் சண்டையையும் கடனையும் நம்பிச் சொன்னதை வேறொரு வாசலில் பேசாமல் இருப்பதும் இந்தப் படிப்பில் அடக்கம்.

18. எங்கே உட்கார்ந்து கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதிலும். பெத்தே அக்கிரகாரத்தில் தங்கினார், அதனால் சேரி மக்களோடு தாராளமாகப் பழக முடியாமல் போனதை அவரே எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில் வீட்டுக்காரம்மாவின் திண்ணையில் கேட்பது ஒரு கதை, பின்னால் இருக்கும் லைன் வீட்டில் கேட்பது இன்னொரு கதை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே ரூமில் பல பேராகத் தங்கி ஷிஃப்டுக்குப் போகும் தம்பிகள் சொல்வது மூன்றாவது கதை. மூன்றையும் கேட்ட பிறகு எழுதுங்கள். தம்பிகளோடு பேச உங்கள் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த இந்தியே போதும்.

19. கள நோட்டுக்கு நகல் எடுப்பதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். எம்.என். சீனிவாஸ் 1948-ல் ராம்புராவில் தங்கிச் சேர்த்த தகவல்களை வகைப்படுத்தி எழுதி மூன்று பிரதி வைத்திருந்தார், மூன்றும் ஸ்டான்ஃபோர்டில் ஒரே அறையில். 1970 ஏப்ரலில் யாரோ வைத்த தீயில் அத்தனையும் போயிற்று. மனம் தளராமல் நினைவிலிருந்தே எழுதி 1976-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார், இன்றும் எம்.ஏ.வில் அதைப் படிக்கிறோம். நாம் செய்ய வேண்டியது சுலபம்: அன்றன்று எழுதியதை அன்றே போனில் படம் எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள், நோட்டு வீட்டில், நகல் வேறிடத்தில். அம்பத்தூர் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தவர்களுக்கு இதன் அருமை தனியாகச் சொல்ல வேண்டாம்.

20. ஒரு யூனிட் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்வது போலத் தமிழில் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் காய் நறுக்கும்போது அதைக் கேட்டால் எங்கே தடுமாறினீர்கள் என்று காதிலேயே தெரியும். இக்னோவில் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும், ஆனாலும் தமிழில் சொல்ல வராத விஷயம் ஆங்கிலத்தில் எழுதவும் வராது.

21. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் படிப்பு பாதிச் சுமை. ஆளுக்கு ஒரு யூனிட், ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடி, ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்தால் வாங்கும் செலவும் மிச்சம்.

22. அசைன்மென்டுக்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70 சதவீதம். கையிலிருக்கும் 30-ஐ முதலில் பத்திரப்படுத்துங்கள், கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்து ரசீது வாங்கி, ஜெராக்ஸும் வைத்துக்கொள்ளுங்கள். அதே அசைன்மென்ட்தான் பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கும் நோட்ஸும்.

23. பரீட்சையில் ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று சங்கதி இருக்கட்டும்: கோட்பாட்டாளர் பெயர், வருடம், நம் ஊர் உதாரணம் ஒன்று. உதாரணம் எழுதும்போது பக்கம் பக்கமாகக் கதை சொல்லாமல் நான்கு வரியில் முடித்துக் கோட்பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள். பழைய கேள்வித்தாள்களை இக்னோ தளத்திலிருந்து எடுத்து, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து ஒன்றாவது எழுதிப் பாருங்கள். வருடக்கணக்கில் பேனா பிடிக்காத கைக்கு அந்தப் பயிற்சி அவசியம்.

24. ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு எடுத்தால் நடந்து போகும் தூரத்தில் எடுங்கள், பஸ் நேரமே மிச்சம். எஸ்டேட்டில் பழைய ஃபேக்டரிகள் இருந்த இடத்தில் ஐ.டி. கட்டிடங்கள் வந்த பிறகு சுற்றியிருக்கும் வீட்டு வாடகையும் மெஸ்களும் எப்படி மாறின? நைட் ஷிஃப்டுக்குப் போகும் பெண்களின் வீட்டில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்ததில் தெருவுக்கு என்ன வந்தது, என்ன போயிற்று? இதில் எதை எடுத்தாலும் அருமையான ஆய்வாகும். எழுத ஆரம்பிக்கும் முன் ஷோத்கங்கா தளத்தில் இரண்டு ஆய்வேடுகளைத் திறந்து அத்தியாயங்களை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டால் அமைப்புக்காக யாரிடமும் காசு கொடுத்து உட்கார வேண்டாம்.

25. ரிசல்ட் வந்த சந்தோஷத்தில் குறிப்பு அட்டைகள் அடுக்கிய பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதே அட்டைகள் யு.ஜி.சி. நெட் தேர்வுக்கும் ஆகும். சமூகவியலுக்குப் பாட எண் 05, முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். தப்பான பதிலுக்கு மார்க் குறைப்பு இல்லை, அதனால் ஒரு கேள்வியையும் விடாமல் குறித்துவிட்டு வாருங்கள்.